உங்க அப்பா வருமானம் எவ்வளவு?

இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு கல்லூரியில் சேர்ந்தேன். சேர்க்கை ஒரே நாளில் முடிந்துவிட்டது. கூத்து தொடங்கியது உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோதுதான்.

படிவத்தில் ‘பெற்றோரின் ஆண்டு வருமானம்’ என்று ஒரு கட்டம். “இந்த வீட்டில் பெற்றோரே நான்தாங்க” என்றேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க அப்பாவோட வருமானச் சான்றிதழ் கொண்டு வாங்க.” எனக்கு வயது 34. சின்னவளை இடுப்பில் சுமந்து வரிசையில் நின்றதற்குக் கிடைத்த பதில் இது. மறுநாள் அதே இருக்கையில் வேறொருவர். தனிக்குடும்பமாக இருப்பவர்களுக்கு வேறு படிவம் என்று மேசை இழுப்பறையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்! அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும், “குழந்தை உள்ள மாணவருக்குத் தனிப் படிவம் உண்டா?” என்பதுதான் என் முதல் கேள்வி.

பணம் வந்தது, பருவம் தொடங்கி ஏழு வாரம் கழித்து. குழந்தைக் காப்பகத்துக்கோ மாதம் பிறக்குமுன் கட்டியாக வேண்டும். கடன் வாங்கித்தான் சமாளித்தேன். மாலை வகுப்பு பத்து நிமிடம் நீண்டாலும் காப்பகத்தில் தாமதக் கட்டணம். பேராசிரியர் “கடைசியா ஒரு விஷயம்” என்றாலே வயிறு கலங்கும். உதவித்தொகைக் கணக்கில் புத்தகம் உண்டு, விடுதி உண்டு. காப்பகத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் பெரியவனுக்குக் காய்ச்சல். இரண்டு வார வகுப்பு போனது. ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். பேச்சுவாக்கில் சீனியர் ஒருவரிடம் சொன்னதால் பிழைத்தேன். பாடம் குறைந்தால் முழுநேர மாணவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவேனாம்; உதவித்தொகை நிற்கும், வாங்கியதையும் திருப்பிக் கேட்கக்கூடும். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. பாடத்தைக் கைவிடுமுன் உதவித்தொகைப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பினால், நாளைக்கு அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார்.

அடுத்த பருவத்தில் நான் முந்திக்கொண்டேன். கெடு முடியும்வரை காத்திராமல், காப்பக ரசீதுகளை இணைத்து, கல்லூரிக் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தேன். மூன்று தவணை கிடைத்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டவர் அதே முதல் நாள் ஆள்தான். இந்த முறை அப்பாவைக் கேட்கவில்லை.