அப்பாவுக்குக் காது மெஷின்: ஒரு விசைத்தறி வீட்டு அனுபவம்

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற வீடுகளில் வயதானவர்களுக்குக் காது மந்தமானால் யாரும் அதை நோயாக எடுத்துக்கொள்வதில்லை. "தறி ஓட்டினவரு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார்கள். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நாடாத் தறி (ஊடைநூலை ஏந்திக் குறுக்கே ஓடுகிற நாடா உள்ள விசைத்தறி) ஓட்டியவர். தறி ஓடும் குடோனுக்குள் பேச்சு எடுபடாது. பாவு நூல் அறுந்தால் ஒரு சைகை, நாடாவில் தார் நூல் தீர்ந்தால் ஒரு சைகை, மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். அதே பழக்கத்தில் வெளியிலும் எதிராளியின் வாயைப் பார்த்தே சமாளித்து வந்திருக்கிறார். 2020இல் ஊரே முகக்கவசம் போட்டதும் அது முடியாமல் போயிற்று. மருந்துக்கடைக்குப் போவதற்குக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் காது பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினார்கள். போட்டுப் பார்க்கத் தருவீர்களா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

கோவையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அழுக்கை எடுத்தார். அது அடைத்திருந்தால் சோதனையின் அளவே தப்பாக வரும். அப்புறம் கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட், சத்தம் புகாத சின்ன அறை. சத்தம் கேட்டால் அப்பா பட்டனை அழுத்த வேண்டும். தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸிலிருந்து மேல்சுருதியான 8000 வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்து அதே சோதனை. இரண்டு அளவும் ஒத்துப்போனால் கோளாறு உள்காதில் இருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு ஒத்துப்போனது. அங்கே சத்தத்தை உணர்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்துவிட்டால் மறுபடி முளைக்காது. சொட்டு மருந்தாலும் ஆபரேஷனாலும் அவற்றைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

எனக்குக் கண் திறந்தது அடுத்த சோதனையில்தான். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். "காசு" என்றால் அப்பா "காது" என்கிறார். தாழ்ந்த சுருதியில் வருகிற ஆ, ஓ எல்லாம் அவருக்கு நன்றாகவே கேட்கிறது. ச, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுகிற மேல்சுருதிதான் கேட்பதில்லை. "கண்ணு, சத்தம் கேக்குது, பேச்சுத்தான் புரிய மாட்டேங்குது" என்று அவர் எத்தனையோ தடவை சொன்னது அப்படியே உண்மை. இன்னொன்றும் தெரிந்தது. இந்த வகைக் குறையில் மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். நாங்கள் கத்தினால் அவருக்குக் கோபம் வந்ததன் காரணம் இதுதான். எதிரில் வந்து, முகம் தெரிகிற வெளிச்சத்தில், நிதானமாகப் பேசினாலே பாதி புரிந்துவிடுகிறது.

மெஷின் வாங்குகிறவர்களுக்கு: பார்க்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு காதும் கெட்டிருந்தால், முடிந்தவரை இரண்டுக்கும் வாங்குங்கள்.

மாட்டின முதல் நாள் அப்பாவுக்குச் சந்தோஷமே இல்லை. பிளாஸ்டிக் கவர் சரசரப்பும் குழாய்த் தண்ணீரும் அவரைப் பாடாய்ப்படுத்தின. சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். பலபேர் மெஷினைப் பீரோவில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆடியாலஜிஸ்டிடம் திரும்பப் போனோம். காதுக்குள் பொருத்துகிற மெஷினின் அச்சு காதை அடைத்துக்கொள்வதால் வருகிற தொந்தரவு அது என்று சொல்லி, அச்சில் இருந்த காற்றுத் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் இணைத்து அளவையும் மாற்றினார். முதலில் வீட்டில் ஒரே ஆளோடு பேச்சு, அப்புறம் டிவி, கல்யாண வீடெல்லாம் கடைசியில் என்று வரிசையும் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் பழகினார். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றாட வைத்துப் போடுகிறார். ராத்திரி வியர்வையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வைக்கிறார்.

அப்பாவுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பாவது இருக்க வேண்டும். அப்பாவுக்கு அதற்குக் கீழே. சத்தத்தால் வரும் காதுகேளாமை, ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சின்னக் குடோன்களில் கூலிக்கு ஓட்டியவருக்கு ஏது ஈ.எஸ்.ஐ.? இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி இப்போதும் தறி ஓட்டுகிறான். அவனையும் சோதனைக்கு உட்காரவைத்தேன். பேச்சில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் மட்டும் கோடு குழி விழுந்து, 8000இல் மறுபடி மேலே ஏறுகிறது. சத்தம் காதைக் கெடுக்கிறபோது பெரும்பாலும் முதலில் இப்படித்தான் காட்டும். காதில் நுரைப்பஞ்சுச் (ஃபோம்) செருகி போட்டால் தறியின் சத்தம் மாறுவது தெரியாதே என்றான். செருகி எல்லாச் சத்தத்தையும்தான் குறைக்கிறது. நாடா சரியாகப் போய்ச் சேராத சத்தம் அதற்குள்ளும் தனியாகத் தெரிகிறது என்று இப்போது அவனே சொல்கிறான். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காதை மேலே பின்பக்கமாக இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் சொருகினால் பிரயோஜனமில்லை.

குடோன் ஓரத்தில் கட்டியிருந்த அவன் குழந்தையின் தொட்டிலை அம்மா இருக்கிற பக்கம் மாற்றியாயிற்று. குழந்தைக்கும் பார்த்துவிட்டோம். தூங்கும்போதே காதில் ஒரு சின்னக் கருவியை வைத்து நிமிஷங்களில் முடிக்கிறார்கள், குறை ஒன்றும் இல்லை. தம்பிக்கு அடுத்த வருஷமும் சோதனை இருக்கிறது. அந்த 4000 கோடு இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.