வவுனியாவுக்கு அங்காலை

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியின் சரித்திர மாஸ்டர் இந்த மாசியில் காலமானார் என்று பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் அஞ்சலிகள் குவிந்தன. எழுதியவர்களில் பாதிப்பேர் ஒரே விசயத்தைத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்: "என்னை வாங்குக்கு மேலே ஏற்றியவர்." அவருடைய பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுபதுகளில் படித்தவர்களுக்குத் தேவையில்லை. பின்னால் வந்தவர்களுக்கு எழுதினாலும் விளங்காது.

வகுப்பு வாங்கில் தண்டனையாக ஏறியவர்களுக்குள்ளும் தரம் உண்டு. சைக்கிள் பெடியள் வீட்டுவேலை செய்யாததற்காக ஏறினார்கள். நாங்கள் ரெயில் பெடியள், பிந்தியதற்காக ஏறினோம். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று சீசன் ரிக்கற்றோடு காலமை வண்டியில் வந்து இறங்கி, தேவாரம் முடியுமுன் கேற்றடிக்குப் போய்விட வேண்டும். வண்டி பிந்தினால் நாங்கள் என்ன செய்வது? அந்தக் கேள்வியை எல்லா வாத்திமாரும் ஏற்றுக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர.

1976. வண்டி மல்லாகத்துக்கே பிந்தித்தான் வந்தது. சரித்திரப் பாடம் பாதி போய்விட்டது. "ரெயில் பிந்தினது, சேர்" என்றேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். "ரெயில்காரரோ? ஏறும். காங்கேசன்துறையிலை இருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும் ஸ்டேசன் பேரைச் சொல்லும் பாப்பம்."

ஏறினேன். மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம் என்று தொடங்கினால் யாழ்ப்பாணம் வரைக்கும் மூச்சு விடாமல் வரும். நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் மாமி வீட்டுப் பாதை. பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டிப் பிள்ளையார். மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. அதோடு நின்றுவிட்டேன். அதற்கு அப்பால் நான் போனதில்லை. எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. ஐயாவுக்கு வேலை சீமெந்துத் தொழிற்சாலையில். அவருக்குக் கொழும்பு என்பது சம்பளப் பட்டியலின் தலைப்பில் அச்சடித்திருக்கும் ஒரு சொல்.

"வவுனியாவுக்கு அங்காலை இலங்கை இல்லையோ, ஐசே?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மணி அடிக்கும்வரை நான் வாங்கில் நின்றேன். கீழே இருந்த டொக்டர்மாரின் பிள்ளைகளில் இரண்டு பேர் மதவாச்சி, அனுராதபுரம், மாகோ, குருநாகல், பொல்காவலை என்று மீதியைச் சொல்லி முடித்தார்கள். கொழும்பில் விடுமுறை கழித்தவர்களுக்கு அது ஒரு பெரிய விசயமில்லை. அன்றைக்கு எனக்கு எரிந்தது ஸ்டேசன் பெயர்களுக்காக இல்லை.

அடுத்த கிழமை அவர் எங்கள் வகுப்பையே யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்கு நடத்திக்கொண்டு போனார். ஸ்டேசன் மாஸ்டரின் அறையில் சிவப்பு நிறத்தில் இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுத்து என் கையில் தந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசன்களின் பெயர் அதில் வெட்டியிருந்தது, கனம், பல கை பட்டு விளிம்பு மழுங்கிப்போயிருந்தது. அந்தத் தகடு சாரதியிடம் இல்லாமல் அந்தத் துண்டுப் பாதையில் எந்த வண்டியும் இறங்க முடியாது. அங்காலை ஸ்டேசனிலும் இதே மாதிரி ஒரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் பூட்டுப்பட்டவை. ஒன்றிலிருந்து தகடு வெளியே வந்தால் அது திரும்பிப் போகும்வரை இரண்டு பெட்டியும் இன்னொன்றைத் தராது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி நேருக்கு நேர் முட்டாமல் இருந்தது இந்த ஏற்பாட்டால். நிற்காத வண்டியென்றால், தகட்டைத் தோல்பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டி, பிளாற்போம் ஓரத்தில் நீட்டிப் பிடிப்பார்கள். எஞ்சினில் இருப்பவர் கையை வளையத்துக்குள் விட்டு இழுத்துக்கொண்டு போவார்.

தகட்டை எல்லாரையும் விட்டுவிட்டு என்னிடம் ஏன் எங்கள் மாஸ்டர் கொடுக்க வைத்தார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

அந்த வருசம் அவர் ரெயில் பாதையை வைத்தே பாதிச் சரித்திரத்தை நடத்தினார். பாடத்திட்டத்தில் அது இருந்ததா என்று தெரியாது. இலங்கையில் முதல் பாதை 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு, 1867இல் கண்டிக்கு. எல்லாம் கோப்பிக்காக. யாழ்ப்பாணத்துக்கு ஏன் இல்லை? இடையிலே வன்னிக்காடு, சனமில்லை, கோப்பியுமில்லை, போட்ட காசு திரும்பாது என்றுதான் வெள்ளைக்காரன் இழுத்தடித்தான். கடைசியில் போடத் தொடங்கியபோது இந்தப் பக்கமிருந்தும் தொடங்கினார்கள். 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு 21 மைல் ஓடியது. அதே வருசம் பளை வரை. தெற்கோடு முழுப்பாதையும் பொருந்தியது 1905 ஓகஸ்ட் 1இல்தான். "அப்ப மூண்டு வருசமா என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தான் தனக்குள்ளையே போய்த் திரும்பிக்கொண்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்ப்பார். நாங்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்போம்.

பாதை பொருந்திய பிறகு தெற்கே போனவை என்ன என்று கேட்பார். புகையிலை, வெங்காயம், மிளகாய் என்போம். "கிளாக்கர்மாரை விட்டிட்டீங்கள்" என்பார். அவருடைய தகப்பனார் மலாயா றெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சனோடு வந்தவர். மலாயாவில் அந்தக் காலத்து ஸ்டேசன் மாஸ்டர்மாரில் யாழ்ப்பாணத்தார் எவ்வளவு பேர் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த கதை. பிள்ளைகளை இங்கிலீசு படிப்பித்து ரெயிலேற்றுகிற தொழிற்சாலை என்றே நம் கல்லூரிகளை அவர் சொல்வார், அதுவும் அதிபர் விறாந்தையால் போகும்போது கொஞ்சம் உரக்க.

கரும்பலகையில் ஒரு நாள் இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். 1956 ஏப்பிரல் 23, யாழ்தேவி ரெயிலின் முதல் ஓட்டம். 1956 யூன், தனிச்சிங்களச் சட்டம். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. "குறிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

இன்னொரு நாள் எஞ்சின் பாடம். கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கனடா தந்த டீசல் எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர் வைத்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1954இல் வந்தவற்றில் ஒன்று ஒன்ராறியோ, இன்னொன்று அல்பேர்ட்டா. "ஒன்ராறியோ எண்டது அங்கத்தை ஒரு மாகாணம். நீங்கள் ஒருத்தரும் போகப்போறதில்லை. பேரையாவது எழுதிப் பழகுங்கோ." எங்கள் சங்கத்தின் இந்த மலரை வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் வீட்டு முகவரியில் இன்று அந்தப் பெயர் இருக்கிறது. சரித்திர மாஸ்டர்மாருக்கு எதிர்காலம் வராது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நான் கோட்டை வரைக்கும் பெயர்களைப் பாடமாக்கினேன். மீரிகம, வேயாங்கொடை, கம்பகா, றாகமை, மருதானை. கோபத்தில் பாடமாக்கியது மறக்காது. திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

1977 ஓகஸ்டில் கலவரம். அனுராதபுரம் ஸ்டேசனில் ரெயிலில் வந்த எங்கள் சனத்தை அடித்தார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தவர்களை ஸ்டேசனில் பார்த்தவர்கள் இந்தச் சங்கத்திலும் இருக்கிறார்கள். நான் அதை விவரிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது அவர் வந்தார், பாடம் நடத்தினார், பிந்தியவர்களை வாங்கில் ஏற்றினார். ஸ்டேசன் பெயர் மட்டும் அதற்குப் பிறகு ஒருவரிடமும் கேட்கவில்லை. நான் படிப்பு முடித்து வெளியேறும்வரை கேட்கவேயில்லை.

1984இல் இரவு மெயிலில் நான் கொழும்புக்குப் புறப்பட்டேன். வவுனியாவுக்கு அங்காலை எனக்கு அதுதான் முதல் பயணம், ஒருவழிப் பயணமும்கூட. இருட்டில் ஒவ்வொரு ஸ்டேசனும் வருமுன் பெயர் வாய்க்குள் வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அனுராதபுரத்தில் வண்டி நின்ற நேரம் பெட்டிக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஜேர்மனி, பிறகு இந்தக் கனடா. மிச்சக் கதை நம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

1990 யூனோடு யாழ்ப்பாணத்துக்கு ரெயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பங்கருக்குப் போயின. கூரையில்லாத ஸ்டேசன் கட்டடத்தில் இடம்பெயர்ந்த சனம் குடியிருந்தது. 1995இல் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனபோது மாஸ்டரும் நடந்தார், பிறகு திரும்பி வந்தார். மகன் அவுஸ்திரேலியாவுக்கு எடுக்கப் பார்த்தும் போகவில்லை. நாங்கள் இங்கே ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் கொத்துரொட்டிக்கும் பைலாவுக்கும் இடையில் அவரைப்போல நடித்துக்காட்டிச் சிரித்தோம். நானும் நடிப்பேன், நன்றாகவே நடிப்பேன்.

இந்தியாவின் கடனில் பாதை திரும்பவும் போடப்பட்டு, 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்தது. 2016இல் நான் போனேன். வவுனியா வரை அப்போது பழைய பாதை, தேத்தண்ணியை மடியில் ஊற்றாமல் குடிக்க முடியவில்லை. ஓமந்தை தாண்டியதும் புதுப்பாதை, வழுக்கிக்கொண்டு போனது. வவுனியாவுக்கு அங்காலை என்பது இப்போது எந்தப் பக்கம் என்று மாஸ்டரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேசன்கள் எல்லாம் ஒரே சாயலில் புதிதாக நிற்கின்றன. விளக்குச் சமிக்ஞை வந்துவிட்டது. கைகாட்டி இல்லை, வளையம் இல்லை.

அவர் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண் மங்கியிருந்தது. குரல் மங்கவில்லை.

"எப்பிடி வந்தனீர்?"

"ரெயிலிலை, சேர்."

"எவ்வளவு பிந்தினது?"

"அரை மணித்தியாலம், சேர்."

"அனுராதபுரத்திலை இறங்கினனீரோ?"

"இல்லை, சேர். பெட்டிக்குள்ளையே இருந்திட்டன்."

"நானும் எழுபத்தேழுக்குப் பிறகு அதிலை இறங்கேல்லை" என்றார். பிறகு பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், தமிழ் எழுதுவார்களா என்று விசாரித்தார். எழுதுவார்கள் என்றேன். நம்பவில்லை.

சங்கம் இப்போது அவருக்குக் கல்லூரி முகப்பில் மார்பளவுச் சிலை வைக்க நிதி சேர்க்கிறது. என் பங்கைக் கட்டிவிட்டேன், ஆனால் கூட்டத்தில் எதிராகத்தான் கையை உயர்த்தினேன். அந்தக் காசில் வருசா வருசம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்திலிருந்து கோட்டை வரை ரெயிலில் கூட்டிப்போகலாம், போகிற வழியில் அனுராதபுரத்தில் இறக்கி, அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மத்தியானம் சாப்பிட வைக்கலாம் என்பது என் யோசனை. யார் பொறுப்பு எடுப்பது என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்காபரோவில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி? அங்கே இருக்கிற ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் வைப்பேன். சிலைக்காரர்கள் தயவுசெய்து பிந்தாமல் வாருங்கள்.