20 மில்லி விநாடிக் குரல்

அலுவலகத் தொலைபேசிகளை இணையத்துக்கு மாற்றித் தருவதுதான் என் வேலை. ‘ஹலோ’ என்றதும், பரவலாக உள்ள முறையில், குரல் விநாடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது. அந்த எண்கள் சிறுசிறு பொட்டலங்களாக (packet) இணையத்தில் போகும்; வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம், ஆக விநாடிக்கு 50. வழியில் ஒன்று தொலைந்தால் திரும்பக் கேட்பதில்லை. பேச்சு கடந்துபோன பிறகு வந்து என்ன பயன்?

பொட்டலங்கள் முன்பின்னாக வரும். அவற்றைச் சற்றே நிறுத்தி வரிசைப்படுத்த ஒரு சின்ன இடைநினைவகம் உண்டு. என் நேரமெல்லாம் இதில்தான் போகிறது. அதைச் சிறிதாக வைத்தால் குரல் உடையும். பெரிதாக வைத்தால் குரல் தாமதமாகி இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். ஹெட்செட் மாட்டி நானே பேசிப் பார்த்துத்தான் விடுவேன்.

நிறுவனங்கள் இதற்கு மாறச் செலவு குறைவது மட்டும் காரணமில்லை. ஊழியர் வீட்டிலிருந்தாலும் அதே அலுவலக எண் ஒலிக்கும். ஆனால், இணையம் நின்றால் அழைப்பும் நின்றுவிடும். மாற்று இணைப்பு இல்லாத இடத்தில் நான் வேலையைத் தொடங்குவதேயில்லை.