பத்து நாளுக்கு ஒரு படம்

நேற்றிரவு வெள்ளவத்தையில் நல்ல மழை, கரண்டும் இல்லை. பல்கனியில் இருந்து அண்ணாவோடு பழைய படங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே மணிரத்னத்தின் வருடங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினோம். 1986 மௌன ராகம், 1987 நாயகன், 1988 அக்னி நட்சத்திரம், 1989இல் தெலுங்கில் கீதாஞ்சலி. அப்புறம் அஞ்சலி, தளபதி, 1992இல் ரோஜா. ஏழு வருடம், ஏழு படம். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ரோஜாவைத் தவிர மற்ற ஆறுக்கும் இசை இளையராஜா. நாயகன் அவருக்கு 400ஆவது படம், அஞ்சலி 500ஆவது. இடையில் முழுதாக மூன்று வருடம்கூட இல்லை! கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு படம். பாட்டு மட்டுமா, பின்னணி இசையும் சேர்த்துத்தான். அந்த வேகத்தில் ஓடிய மனுஷன் 'தென்பாண்டிச் சீமையிலே'யை எப்படி அவ்வளவு நிதானமாகப் போட்டார்? இருட்டில் அதை முணுமுணுத்தபோது இருவருக்குமே தொண்டை அடைத்துக்கொண்டது.

 

அண்ணாவுக்குத் தளபதிதான் உச்சம். எனக்கு எப்போதும் மௌன ராகம். அதன் ஒவ்வொரு பாட்டும் எனக்கு வேண்டும், ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கரண்ட் வந்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை. உங்களுக்கு எந்தப் படம்? சொல்லுங்கள்.