பாடம் வாசிக்கும் அறையில் ஒரு கம்ப்யூட்டர்: ஃபேன் மாற்றிய ஏழு வாரங்கள்

ஏப்ரல் 20

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பாடம், பெரும்பாலும் பதினோராம் வகுப்பு வரலாறு. பதிவுகளைச் சேகரிக்கும் அக்கா நேற்று போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி ஊம் ஊம்னு ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு பாடம் சேர்த்துக் கேட்டா தலை வலிக்குதுன்னு பசங்க சொல்றாங்க."

மறுபடி போட்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். உண்மைதான். சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அம்பத்தூர் வெயிலில் வேர்க்க வேர்க்க வாசித்தும், மேசைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. மாணவர்கள் இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் அடுத்த பாடம் அனுப்பப்போவதில்லை.

ஏப்ரல் 23

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ஆளில்லாத அறையை இரண்டு நிமிடம் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அலைவரிசை வரைபடம் எடுத்துப் பார்த்தேன். மூன்று கூர்மையான முனைகள்: 100, 120, 140 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு.

140-ஐக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், முன்பக்கம் வண்ண விளக்கு வைத்த மூன்று ஃபேன்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு இறக்கை, வேகம் 1200 ஆர்பிஎம். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் நொடிக்கு 20. அதை ஏழால் பெருக்கினால் 140. ஒவ்வொரு இறக்கையும் ஃபேனின் பின்னாலிருக்கும் குறுக்குக் கம்பியைக் கடக்கும்போது எழும் சத்தம் இது. மூன்றும் ஒரே வேகத்தில் ஓடாது, இருபது முப்பது சுற்று முன்பின் இருக்கும். அதனால் மூன்று சுருதிகளும் ஒன்றோடொன்று மோதி ஏறி இறங்குகின்றன. அக்கா சொன்ன "ஊம் ஊம்" அதுதான்.

120 ஹார்ட் டிஸ்க். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. 100 மின்சாரத்தின் முனகல். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதன் இரட்டிப்பில் யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. யுபிஎஸ்ஸைச் சுவரோரம் தள்ளி வைத்ததும் அது பாதியாகக் குறைந்தது.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. ஆண் குரலின் அடிச்சுருதி பொதுவாக 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் விழும். ஃபேனின் சுருதியும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மென்பொருளை வைத்துச் சத்தத்தை நீக்கினால் கூடவே குரலும் போய்விடுகிறது, குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. எனவே சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும்.

ஏப்ரல் 27

கம்ப்யூட்டரைப் பற்றி: ரைசன் 5 5600 ப்ராசஸர், அதோடு பெட்டியில் வந்த சின்ன ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்), 125 வாட் கிராபிக்ஸ் கார்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்த மூன்று ஃபேன்களும் மோலெக்ஸ் இணைப்பில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸோடு நேராகச் சேர்ந்திருப்பதால் எப்போதும் 12 வோல்ட், எப்போதும் முழு வேகம். பதிவு செய்யும்போது ப்ராசஸருக்கு அநேகமாக வேலையே இல்லை. இத்தனை சத்தத்துக்கும் அவசியமே இல்லை.

ஆனால் இரவில் தம்பி இதே கம்ப்யூட்டரில்தான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறான். அவன் வேலையையும் இது தாங்க வேண்டும். ப்ராசஸர், கார்டு இரண்டுக்கும் முழுச் சுமை கொடுத்துப் பார்த்தேன். அறை 34 டிகிரி. ப்ராசஸர் 88, கார்டு 81. இந்த ப்ராசஸருக்கு உச்ச வரம்பு 90.

அப்புறம் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். ப்ராசஸர் 81, கார்டு 74. ஒரு ரூபாய் செலவில்லாமல் 7 டிகிரி! மூன்று ஃபேன்களும் இவ்வளவு நாள் மூச்சுத் திணறிக்கொண்டு ஓரத்து இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கின்றன. ஃபேன் வாங்க நினைப்பவர்கள் முதலில் முன்மூடியைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மே 4

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடையிலேயே "சைலன்ட், 18 டெசிபல்" என்று அட்டையில் போட்ட இரண்டு மலிவு ஃபேன்கள் கிடைத்தன. வாங்கிவந்து ஒன்றைப் பின்பக்கமும் ஒன்றைக் கேபினெட்டின் கூரையில் படுக்கை வாக்கிலும் மாட்டினேன்.

மே 13

கூரையில் மாட்டியது டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒன்பதே நாள். கழற்றி நிமிர்த்திப் பிடித்தால் சத்தம் இல்லை, படுக்க வைத்தால் வருகிறது. பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்கும் பாகம். சாதாரண ஸ்லீவ் பேரிங், அதாவது வெறும் குழல் தாங்குவது, இப்படித்தான். தண்டு படுக்கையாக இருக்கும்போது, அதாவது ஃபேன் நிமிர்ந்து நிற்கும்போது, சமாளிக்கும். ஃபேனைப் படுக்கப் போட்டால் சுழலும் பாகத்தின் எடை வேறு பக்கம் இறங்கித் தேய்மானம் சீக்கிரம் வரும். கூரையில் மாட்டுவதென்றால் ஃப்ளூயிட் பேரிங் (எண்ணெய்ப் படலம் தாங்குவது) அல்லது பால் பேரிங் (சின்ன உருண்டைகள் தாங்குவது) வேண்டும். பால் பேரிங் நெடுநாள் உழைக்கும், ஆனால் மெதுவாக ஓடும்போது லேசாகக் கரகரக்கும். ஒலிப்பதிவு அறைக்கு ஃப்ளூயிட் பேரிங் என்று முடிவு செய்தேன்.

மே 15

அட்டையில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று மூன்று நாள் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், முன்பே தெரிந்திருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

காற்றோட்ட அளவு, முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது எடுத்தது. அழுத்தம், காற்றின் வழியை முழுக்க அடைத்துவிட்டு எடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே கிடைக்காது. நம் கேபினெட்டில் வலை, தூசி வடிகட்டி என்று ஏதாவது மறிக்கும். நிஜத்தில் கிடைப்பது இடைப்பட்ட ஏதோ ஒரு புள்ளி. அடர்த்தியான வலைக்குப் பின்னாலும் ஹீட் சிங்க் மேலும் மாட்டும் ஃபேனுக்கு அழுத்தம் முக்கியம். தடையில்லாமல் பின்பக்கம் வெளியேற்றும் ஃபேனுக்குக் காற்றோட்டம் முக்கியம்.

டெசிபலை ஒரு நிறுவனத்துக்கும் இன்னொரு நிறுவனத்துக்கும் ஒப்பிடக் கூடாது. அளந்த தூரமும் முறையும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

நம்பக்கூடியது வேகத்தின் கணக்கு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதில் இரண்டைப் பாதி வேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால், கிட்டத்தட்ட அதே காற்று, 12 டெசிபல் குறைவு. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து, எவ்வளவு காற்று போதும்? ப்ராசஸரும் கார்டும் சேர்ந்து 200 வாட் சூடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கன மீட்டர் காற்று உள்ளே போய் வெளியே வந்தால், வரும் காற்று அறையைவிட 10 டிகிரி சூடாக வரும். அதையே 120 ஆக்கினால் 5 டிகிரி. காற்றை இரட்டிப்பாக்கியும் ஆதாயம் 5 டிகிரிதான். அதற்கும் மேலே போனால் சத்தம்தான் மிச்சம். அறையே 35 டிகிரியில் இருக்கும் ஊரில் எந்த ஃபேனும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது.

மே 18

என் கேபினெட்டின் முன்பக்கம் மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கும் இடமுண்டு, இரண்டு 140-க்கும் இடமுண்டு. இரண்டு 140 என்று தீர்மானித்தேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே தேவையான காற்றைத் தரும், மெதுவாகச் சுற்றினால் அதன் சுருதியும் இறங்கும். 700 ஆர்பிஎம்மில் ஐந்து இறக்கைக்கு 58 ஹெர்ட்ஸ்தான். என் குரலுக்குக் கீழே.

நோக்டுவா நிறுவனத்தின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 ஃபேனைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர். சூட்டிலும் சுழற்சியிலும் சாதாரண பிளாஸ்டிக் நாளடைவில் நீளும், நீண்டால் சட்டத்தில் உரசிவிடும். அதற்காகவே திரவப் படிகப் பாலிமரில் செய்கிறார்கள். அழகான வேலை. ஆனால் அதில் ஒன்று வாங்கும் பணத்துக்கு ஆர்க்டிக் நிறுவனத்தின் 140 மில்லிமீட்டர் ஃபேன் பி14 குறைந்தது இரண்டு வாங்கலாம். பி14 1700 ஆர்பிஎம் வரை ஓடும், 200 வரை இறங்கும், ஃப்ளூயிட் பேரிங், நாலு பின். முன்பக்கத்துக்கு அதில் இரண்டு எடுத்தேன். பின்பக்கத்துக்கு ஒரு 120. ப்ராசஸரைக் குளிர்விக்க டீப்கூல் ஏகே400 கூலர், நாலு செப்புக் குழாய், உயரம் 155 மில்லிமீட்டர். என் கேபினெட் 160 வரை ஏற்கும். டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

நாலு பின் ஏன் என்றால், மூன்று பின் ஃபேனில் வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும், ஓரளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும். நாலாவது கம்பி இருந்தால் 12 வோல்ட் அப்படியே இருக்க, வேகத்துக்கான கட்டளை தனியாகப் போகும். நல்ல கட்டுப்பாடு கிடைக்கும்.

மே 19

மாட்டியாயிற்று. எந்தப் பக்கம் காற்று வரும் என்று குழம்புகிறவர்களுக்கு: குறுக்குக் கம்பி இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும். முன்னால் இரண்டும் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கூரையில் எதுவும் வைக்கவில்லை. வெளியே போவதைவிட உள்ளே வருவது கூடுதலாக இருந்தால், இடுக்குகளிலிருந்து காற்று வெளியே கசியும், தூசி வடிகட்டி வழியாகத்தான் நுழைய முடியும். எங்கள் தெருவில் லாரி போகும் புழுதிக்கு இது அவசியம்.

கண்ணாடி இருந்த இடத்தில், ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினிய வலையைச் சட்டம் போட்டுப் பொருத்தினேன். முதலில் வலை ஃபேனை ஒட்டியே இருந்தது, விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. உறிஞ்சும் பக்கத்தில் தடை நெருக்கமாக இருந்தால் இறக்கைக்கு வரும் காற்று குழம்பிவிடுகிறது. 2 சென்டிமீட்டர் முன்னே தள்ளினேன், விசில் போய்விட்டது.

மே 25

வேகத்தை 50 ஆர்பிஎம்மாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் கேட்டேன். 900-லிருந்து 980 வரை மட்டும் ஒரு ரீங்காரம். பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நின்றது. ஃபேன் மேல் குற்றமில்லை, தகடுதான் கூடச் சேர்ந்து அதிர்கிறது. பழைய சைக்கிள் டியூபைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி, ஃபேன் திருகுகளுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்தேன். முக்கால்வாசி அடங்கியது. மீதிக்கு, வேகம் 850-லிருந்து நேராக 1050-க்குத் தாவும்படி அமைத்துவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைத் திருகிலிருந்து விடுவித்து ஸ்பாஞ்சின் மேல் உட்கார வைத்ததில் 120 ஹெர்ட்ஸ் முனையும் தாழ்ந்தது.

மே 31

இந்த வாரம் முழுக்க வேகக்கோட்டோடு, அதாவது எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்று சொல்லும் கோட்டோடு, போனது. உண்மையில் அமைதி கிடைத்தது இங்கேதான்.

பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளில்) முன்பே இருந்த கோடு ப்ராசஸரின் சூட்டை நொடிக்கு நொடி பின்தொடர்கிறது. ஒரு பைலைத் திறந்தால் ப்ராசஸர் ஒரு கணம் 45-லிருந்து 60-க்குத் தாவும், உடனே இறங்கும். ஃபேனும் சர்ரென்று ஏறி இறங்கும். காது சீரான சத்தத்தைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், மாறும் சத்தத்தை ஒவ்வொரு முறையும் கவனிக்கும். கேட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று நினைக்க வருத்தமாக இருந்தது.

இப்போது 65 டிகிரி வரை கோடு தட்டையாக இருக்கிறது, எல்லா ஃபேனும் 600-லிருந்து 700-க்குள். 65-க்கு மேல் மெல்ல ஏறி, 85-ல் முழு வேகம். ஏறுவதற்கு முன் சில நொடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இறங்க வேண்டுமானால் சூடு 5 டிகிரி குறைந்தாக வேண்டும். முன்பக்க ஃபேன்கள் ப்ராசஸரைப் பார்ப்பதில்லை, மெதுவாக மாறும் கிராபிக்ஸ் கார்டின் சூட்டைப் பார்க்கின்றன.

முழுச் சுமையில் அறை 35, ப்ராசஸர் 72, கார்டு 73. தம்பி ஒரு முழு ரிசெப்ஷன் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஓடுதா இல்லையா?" என்றான்.

ஜூன் 6

நேற்று இரவு கரன்ட் போனது. சீலிங் ஃபேன் நின்று, தெருவே அடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் அறை முழுக்க அதுதான் கேட்கும். நேற்று குனிந்து, திரையில் வெளிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். யுபிஎஸ்தான் பீப் பீப் என்று கத்தியது.

மிச்சமிருப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன். அதைத் திறக்கமாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாமல் கை வைக்கக் கூடாது. அது பழசானதும் மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் உள்ள ஒன்றாகப் பார்த்து வாங்கலாம். வலையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பிரஷ்ஷால் தட்டுகிறேன், விட்டால் சூடு மூன்று டிகிரி ஏறிவிடுகிறது.

ஜூன் 8

மறுபடி ஆளில்லாத அறையைப் பதிவு செய்தேன். 140-ல் இருந்த முனை காணோம். 58-ல் ஒரு சின்ன மேடு, அதை வடிகட்டினால் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலியை நன்றாகக் கூட்டிக் கேட்டபோது நொடிக்கு ஒரு முறை மெல்லிய டக், டக். சுவர்க் கடிகாரம். இத்தனை மாதமாக அது பதிவில் இருந்திருக்கிறது, ஃபேன் சத்தத்தில் தெரியவில்லை.

பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஏழாம் பாடத்தைத் தொடங்கினேன்.