கொதிநீரில் வளைந்த கொம்பு

கனடாவின் வான்கூவரில் உள்ள மானுடவியல் அருங்காட்சியகத்தில், அந்நாட்டு மேற்குக் கரையின் பூர்வகுடிகளான ஹைடா மக்களின் கொம்புக் கரண்டிகளைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்வி மனதில் நின்றது. காம்பில் அண்டங்காக்கை, கரடி, தவளை என்று ஒன்றன்மேல் ஒன்றாக உருவங்கள். அது செதுக்குபவரின் கைவண்ணம், சரி. ஆனால் அந்தக் குழிப்பகுதி? தேன் நிறம், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசு. முறுக்கிய ஒரு கொம்பிலிருந்து அது எப்படி வந்தது? செய்து பார்த்தால்தான் விளங்கும் என்று இறங்கினேன்.

காம்புக்கு மலையாட்டின் கருங்கொம்பு, குழிக்குக் காட்டுச் செம்மறியின் வெளிர்கொம்பு. இதுதான் அவர்கள் முறை. இரண்டு விலங்குமே அவர்களின் தாயகமான ஹைடா குவாய் தீவுகளில் இயற்கையாக வாழ்ந்தவை அல்ல. கொம்புகள் பெருநிலத்திலிருந்து வியாபாரத்தில் கடல் தாண்டி வந்தன. எனக்குப் பண்ணை ஆட்டுக் கொம்புதான் கிடைத்தது.

முதல் கொம்பைப் பாழாக்கினேன். நீளவாக்கில் அறுத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, விரித்தேன். பாதி விரியும்போதே பட்டென்று பிளந்தது. மேல்தோல்தான் இளகியிருந்தது, உள்ளே பழைய விறைப்பு அப்படியே இருந்தது. அன்று முழுக்க வீட்டில் முடி கருகிய வாடை. நகமும் முடியும் கொம்பும் ஒரே கெரட்டின் புரதம்தானே.

அடுத்த கொம்பை வேகவைக்கும் முன்பே அரத்தால் தேய்த்து மெல்லிசாக்கினேன். உண்மையான வேலை அதுதான், மூன்று மாலைப்பொழுது பிடித்தது. பிறகு இரண்டு மணி நேரம் கொதிநீர். எடுத்த கையோடு மர அச்சின் இரு பாதிகளுக்கு நடுவே வைத்து இறுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கையிலேயே விறைத்துவிடும். இரவு முழுக்க ஆறவிட்டு அச்சைத் திறந்தேன். குழி அப்படியே நின்றது! அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தபோது என் விரல்களின் நிழல் மறுபக்கம் தெரிந்தது.

காம்பை வளைக்கும் வேலையே இல்லை. ஆட்டுக்கொம்பின் இயல்பான வளைவே கைப்பிடியாகிவிடுகிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, துளையிட்டு, செம்புக் கம்பியைச் செருகி இரு முனையும் தட்டினேன். மெருகேற்ற எனக்கு உப்புத்தாள் இருந்தது. அவர்கள் சுறாத்தோலால் தேய்த்தார்கள்.

காம்பில் நான் எதுவும் செதுக்கவில்லை. அந்த உருவங்கள் வெறும் அலங்காரம் அல்ல. அண்டங்காக்கை, கழுகு என்ற இரு பெரும் பிரிவுகளுக்குள் இருக்கும் குலங்கள் ஒவ்வொன்றும் உரிமையோடு காக்கும் சின்னங்கள். பொட்லாட்ச் எனும் சடங்கு விருந்தில் இந்தக் கரண்டிகளை எடுத்து வைப்பதே, விருந்து தரும் குடும்பம் தான் யார் என்று சொல்வதுதான். அந்த விருந்துகளையே கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது. கரண்டிகள் பலவும் ஊரைவிட்டு அருங்காட்சியகங்களுக்குப் போனதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அடுத்தவர் குலச் சின்னத்தைப் பழகிப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

இப்போது சூடான சூப்பை அதில்தான் குடிக்கிறேன். இரும்புக் கரண்டி போல உதட்டைச் சுடுவதில்லை. கழுவியதும் துடைத்து, துளி எண்ணெய் தடவி வைக்கிறேன். வெந்நீரில் மட்டும் ஊறவிடக் கூடாது, குழி மெல்ல விரிய ஆரம்பித்துவிடும்.