ஆர்எச் நெகட்டிவ் கோடிங்: ஊசி போட்ட தேதியை முதலில் பாருங்கள்

மலேசிய அரசு மருத்துவமனைப் பதிவறையில் பழகியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 (நோய்களுக்குக் குறியீடு தரும் பட்டியல்) கைவந்த கலை. அங்கே தாய்-சேய் ஆர்எச் பொருந்தாமைக்கு ஓ36.0 என்பதோடு வேலை முடிந்துவிடும். கோலாலம்பூரில் இருந்துகொண்டே அமெரிக்க கிளினிக்குகளுக்குக் கோடிங் செய்ய வரும்போது அந்தப் பழக்கம்தான் காலை வாருகிறது.

அமெரிக்க வடிவமான ஐசிடி-10-சிஎம்மில், தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்பது மட்டும் ஓ36 ஆகாது. எதிர்ப்பொருள் (குழந்தையின் ரத்த அணுக்களைத் தாக்கத் தாயின் உடல் உண்டாக்கும் புரதம்) இல்லையென்றால் முதலில் ஓ26.89, அடுத்து ரத்த வகை: ஏ என்றால் இசட்67.11, பி என்றால் இசட்67.21, ஏபி இசட்67.31, ஓ இசட்67.41. கர்ப்ப வாரத்துக்கு இசட்3ஏ. இயல்பான கர்ப்பத்துக்கான இசட்34-ஐ இவற்றோடு சேர்க்கக் கூடாது.

ஓ26.89-க்குப் பின் சேரும் கடைசி இலக்கம் கர்ப்பத்தின் பருவத்தை (மும்மாதத்தை) சொல்வது. தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வழக்கமாக 28-வது வாரத்தில் போடப்படுவதால் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறோம். 27 வாரம் 6 நாள் இரண்டாம் பருவம், ஓ26.892, மறுநாளே மூன்றாம் பருவம், ஓ26.893.

பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஊசி போட்டபின் எடுக்கும் ஆன்டிபாடி ஸ்கிரீன் (எதிர்ப்பொருள் சோதனை) பெரும்பாலும் 'பாசிட்டிவ்' என்றே வரும். அது ஊசியிலிருந்து வந்த எதிர்ப்பொருள். தாயின் உடல் உண்டாக்கியது அல்ல. பல வாரங்கள் ரத்தத்தில் தங்கும். லேப் அறிக்கையை மட்டும் பார்த்து ஓ36.0130 (ஆன்டி-டி எதிர்ப்பொருளுக்கான கோடு, மூன்றாம் பருவம்) போட்டால், அவர் ஏற்கெனவே எதிர்ப்பொருள் உருவானவர் என்று பதிவாகிவிடும். அப்படி உருவானவருக்கு ஆன்டி-டி பயன்படாது. அடுத்த கர்ப்பத்தில் அந்தப் பதிவை நம்பி யாராவது ஊசியைத் தவிர்த்தால் பாதிக்கப்படுவது குழந்தை. ஆகவே ஊசித் தேதியையும் ஸ்கிரீன் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருத்துவர் தெளிவாக எழுதவில்லையா, கேள்வி அனுப்புங்கள். டைட்டரை (எதிர்ப்பொருள் அளவை) பார்த்து நாமே முடிவு செய்வது நம் வேலை இல்லை.

ஊசிக்காகவே வந்த வருகை என்றால் இசட்29.13 உண்டு. பில்லிங் கோடுகளில் மருந்துக்கு ஜே2790, செலுத்தியதற்கு 96372. ஜே2790 என்பதே 300 மைக்ரோகிராம் முழு டோஸ், எனவே யூனிட் 1. யூனிட் கட்டத்தில் 300 என்று அடித்தால் கிளெய்ம் (காப்பீட்டுக்கு அனுப்பும் பில்) திரும்பி வரும். ஆரம்ப வாரக் கருச்சிதைவுக்குப் போடும் 50 மைக்ரோகிராமுக்கு ஜே2788. அதற்கும் யூனிட் 1 தான்.